ஒரு பூட்டு, ஒரு சாவி, ஒரு ஆள்

குறிஞ்சிப்பாடியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, கையில் இரண்டு கைத்தறி லுங்கியும் ஒரு பொட்டலம் கடலை மிட்டாயுமாக நான் எங்கள் வீட்டு வாசலில் நின்றபோது மணி பன்னிரண்டு இருக்கும். எங்கள் ஊரான வடக்குத்தின் வெயில் மண்டையைப் பிளந்தது. கிரில் கதவு உள்பக்கமாகப் பூட்டியிருந்தது.

அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. என் வீட்டுக்காரர் தணிகாசலம் வீட்டில் இருந்தால் உள்ளே பூட்டுவார், வெளியே போனால் வெளியே பூட்டுவார். இரண்டும் இல்லாத நேரம் என்று ஒன்று இருந்தால், அது அவர் பூட்டுக்கு எண்ணெய் போடுகிற நேரம்.

பெல் அடித்தேன். வரவில்லை. "என்னங்க" என்றேன். பதில் இல்லை. குரங்குக்காகக் கிரில் முழுக்கக் கம்பி வலை அடித்து வைத்திருக்கிறார். அந்த வலையில் முகத்தை ஒட்டிக்கொண்டு உள்ளே பார்த்தேன்.

ஹால் தரையில், சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பனியன் தொப்பலாக நனைந்திருந்தது. கண் திறந்துதான் இருந்தது, ஆனால் அது என்னைப் பார்க்கவில்லை.

"பெல்ட்ட ஓட்டாதீங்க," என்றார். "நான் உள்ள இருக்கேன்."

அவர் நெய்வேலிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் செக்‌ஷனில் இருந்து ஓய்வு பெற்றுச் சில வருஷங்கள் ஆகின்றன. எங்கள் வீட்டில் ஓடுகிற பெல்ட் என்று தேடினால் என் தையல் மெஷினில் இருக்கிற ஒன்றுதான். கிரில்லைப் பிடித்து உலுக்கினேன்.

என்னை அந்த வாசலிலேயே நிற்க வைத்துவிட்டு நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. இந்தப் பூட்டு எப்படி எங்கள் வீட்டுக்கு வந்தது என்று தெரியாவிட்டால் நடந்தது எதுவும் விளங்காது. பத்திரிகைக்கு நான் எழுதும் இந்தத் தொடரை அச்சுக்குப் போகும் முன் என் வீட்டுக்காரர்தான் முதலில் படிப்பார், அதுவும் கையில் பென்சிலோடு. இந்த அத்தியாயத்தில் அவர் என்னவெல்லாம் அடிக்கப் போகிறாரோ தெரியவில்லை. நான் மறுபடியும் எழுதி வைப்பேன்.

டை கட்டியவரும் என் சேலைப் பின்னும்

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி. நான் சுரங்கத்தின் ஸ்டோர்ஸில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவள். ஹெல்மெட், பூட்ஸ், கையுறை, பூட்டு எல்லாம் என் மேஜையைத் தாண்டித்தான் ஆட்களுக்குப் போகும்.

ஒரு மே மாதம் ஒருத்தர் கையுறை சாம்பிள் காட்ட வந்தார். நெய்வேலி மே மாதத்தில் டை கட்டிக்கொண்டு வந்தவர் அவர் ஒருவர்தான் என்பதால் நன்றாக நினைவிருக்கிறது. இடது கையில் கையுறையைப் போட்டுக்கொண்டு, வலது கையில் பளபளவென்று ஒரு கத்தியை எடுத்து, உள்ளங்கையில் இப்படி ஒரு இழுப்பு, அப்படி ஒரு இழுப்பு. ஒரு நூல்கூடப் பிரியவில்லை. அதிகாரிகள் கை தட்டினார்கள்.

முந்தின ராத்திரி சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் ஒன்று சொல்லியிருந்தார். அவர்கள் பெல்ட்டின் வயிற்றுக்குள் எஃகுக் கம்பி இருக்கும். பெல்ட் கிழிந்தால் அந்தக் கம்பி சிலிர்த்துக்கொண்டு வெளியே வரும். அது வெட்டாது, குத்தும். அவர் உள்ளங்கை முழுக்க அந்தக் குத்துத் தழும்புகள்.

நான் தோளில் இருந்த சேலைப் பின்னைக் கழற்றி, "சார், ஒரு நிமிஷம் கைய நீட்டுங்க" என்றேன். நீட்டினார். குத்தினேன்.

அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து அறை டைப்பிஸ்ட் எழுந்து வந்துவிட்டார்.

"மேடம், இது வெட்டுக்குத்தான். குத்துக்கு வேற மாடல் இருக்கு," என்றார் கையுறையைக் கழற்றிக் கையை ஊதிக்கொண்டே. பாவம், அவர் பொய் சொல்லவில்லை. கத்தியின் விளிம்பு முரட்டு நூல் மேல் வழுக்கிக்கொண்டு போகும். ஊசிமுனைக்கு அந்தத் தொல்லை கிடையாது, அது நூலை ஒதுக்கிவிட்டு உள்ளே போய்விடும். கடைசியில் உள்ளங்கையில் தோல் வைத்துத் தைத்த மாடலை எடுத்தோம்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது என் வீட்டுக்காரர் இட்லியைத் தட்டிலேயே விட்டுவிட்டுச் சிரித்தார். "எது வந்து மோதும்னு தெரிஞ்சாதான் எது தாங்கும்னு சொல்ல முடியும்" என்றார். பெரிய வாக்கியம்தான். அதை அவரே பிற்பாடு மறந்துபோனார் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

ஞாயிற்றுக்கிழமை விசாரணை

டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருந்தவரை எங்கள் வீட்டுப் பூட்டு பேருக்குத்தான். பக்கத்து வீட்டுச் சாவி எங்கள் பூட்டைத் திறக்கும், எங்கள் சாவி அவர்கள் பூட்டைத் திறக்கும். இரண்டு வீட்டுக்கும் அது வசதியாக இருந்தது.

ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டுமே. வடக்குத்தில் ஒரு பழைய வீட்டை வாங்கிக்கொண்டு வந்தோம். வந்த பிறகுதான் அவருக்குப் பூட்டுப் பைத்தியம் முற்றியது. அதற்கு ஒரு கூட்டாளியும் தெருமுனையிலேயே கிடைத்தார். ஹார்டுவேர் கடை ரகமத்துல்லா பாய்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பாய் புதிதாக வந்த பூட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவார். கார் ஷெட்டில், கார் இல்லாத எங்கள் கார் ஷெட்டில், சாமானைக் கவ்விப் பிடிக்கிற ஒரு வைஸ் பொருத்தியிருக்கிறது. பூட்டு அதில் ஏறும்.

"இது உடையாதுண்ணே," என்பார் பாய்.

"யாருகிட்ட?" என்பார் இவர்.

முதல் மாதத்துப் பூட்டுகள் சுத்தியலுக்கே வாயைத் திறந்தன. வளையத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஒரு தட்டு. அவ்வளவுதான். அடுத்து ஒரு பித்தளைப் பூட்டு, பார்க்கக் கோயில் உண்டியல் பூட்டு மாதிரி கம்பீரமாக இருந்தது. இவர் குளிர்பான டின்னைக் கத்தரித்து ஒரு தகடு செய்து, வளையத்தின் ஓரமாகச் செருகித் திருகினார். டக்கென்று திறந்துகொண்டது. பாய் அந்தப் பூட்டைப் பைக்குள் போட்டு முடிச்சுப் போட்டுவிட்டார்.

இன்னொன்று இரும்பு அறுக்கிற ஆக்ஸா பிளேடுக்கு அசையவில்லை. பிளேடின் பல்தான் போனது. ஆனால் போல்ட் கட்டர், நீளக் கைப்பிடி போட்ட அந்த ராட்சசக் கத்தரி, ஒரே கடியில் வளையத்தைத் துண்டாக்கிவிட்டது.

இரும்பை அறுக்கிற கரண்ட் கிரைண்டர் மட்டும் விசாரணையில் சேர்த்தி இல்லை. "அத வெச்சா ஆனையக்கூட அறுக்கலாம். அந்தச் சத்தம் போடுற திருடன ஊரே பாத்துக்கும்," என்பது என் வீட்டுக்காரரின் தீர்ப்பு.

பாய் ஒருநாள் சொன்னார், "அண்ணே, நீங்க பூட்டயே பாத்துகினு இருக்கீங்க. அது தொங்குற கொண்டிய யாரு பாக்குறது? கொண்டி அடிச்ச மரத்த யாரு பாக்குறது?"

நான் சும்மா இருப்பேனா? "பின்வாசல் நிலையில கரையான் ஏறுதுங்க. ஆறு மாசமா சொல்றேன்," என்று சேர்த்துக்கொண்டேன்.

"பாக்கலாம், பாக்கலாம். அங்கதான் மூணு தாழ்ப்பா போட்டிருக்கேன்ல," என்றார்.

அவர் ஏன் அப்படி

கேலி செய்கிறேனே தவிர, எனக்குப் பூட்டின் மேல் கோபம் வராது. காரணம் இருக்கிறது.

எங்களுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்னால் அவர் வேறு மாவட்டத்தில் ஒரு சின்ன ஆலையில் இருந்தார். ஒருநாள் பெல்ட்டில் சிக்கியிருந்த கல்லை எடுக்க உள்ளே இறங்கினார். இறங்கும் முன் சுவிட்சை அணைத்து, அதன்மேல் தன் பூட்டைப் போட்டு, "ஆள் உள்ளே" என்று ஒரு டேக் மாட்டிவிட்டுத்தான் போனார். டேக் எப்படியோ கழன்று விழுந்துவிட்டது. பூட்டை மட்டும் பார்த்த ஒருத்தர், போன ஷிப்ட் ஆள் மறந்துவிட்டுப் போயிருக்கிறான் என்று நினைத்துக் கட்டரை எடுத்துவந்து கடிக்க ஆரம்பித்தார்.

உள்ளே இருந்தவருக்கு அந்தச் சத்தம் கேட்டது. இரும்பு இரும்பைக் கடிக்கிற சத்தம். "நான் உள்ள இருக்கேன், ஓட்டாதீங்க" என்று கத்தினார். பூட்டு மூன்று கடி தாங்கியது. அந்த மூன்று கடிக்குள் அவர் குரல் வெளியே போய்ச் சேர்ந்தது.

வெளியே வந்தவருக்கு டீ கொடுத்தார்களாம். பக்கத்தில் இருந்தவர் டம்ளரைப் பிடித்துக்கொள்ளத்தான் குடித்தாராம்.

நெய்வேலிக்கு வந்த பிறகும் அவர் பெல்ட் செக்‌ஷனில் அதே ஒழுங்குதான். வேலைக்கு இறங்குகிற ஒவ்வொருவனும் தன் பூட்டைத் தானே போட வேண்டும். சாவி அவன் மடியில்தான் இருக்க வேண்டும். மாற்றுச் சாவி கிடையவே கிடையாது. வேலை முடிந்து ஏறி வந்ததும் தன் பேரைச் சொல்லி, "நான் வெளிய வந்துட்டேன்" என்று எல்லாரும் கேட்கச் சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் தன் பூட்டைத் தானே எடுக்கலாம். ஒரு பூட்டு, ஒரு சாவி, ஒரு ஆள்.

எனக்கு வீட்டுக்காரர் என்று ஒருவர் இருப்பதே ஒரு பூட்டு மூன்று கடி தாங்கியதால்தான். இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் இத்தனை வருஷமும் அவருடைய பூட்டுகளைச் சகித்தேன்.

தோற்றுப்போன ஞாயிறு

போன தைக்கு முன்னாலோ பின்னாலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாய் ஒரு பூட்டைக் கொண்டுவந்து வைஸ் பக்கத்தில் வைத்தார். வழக்கமான "இது உடையாதுண்ணே" வரவில்லை. அவர் அதைச் சொல்லாமல் வைத்ததே என் வீட்டுக்காரருக்கு உறைத்தது.

கழுத்தே இல்லாத ஆள் மாதிரி இருந்தது அந்தப் பூட்டு. இரண்டு தோளும் மேலே ஏறி வளையத்தை மூடிக்கொண்டிருந்தன. கட்டர் வாய் வைக்க இடமே இல்லை. தகடு செருகிப் பார்த்தார், உள்ளே ஏதோ இரும்புக் குண்டு வைத்துத் தடுத்திருக்கிறார்களாம், போகவில்லை. சுத்தியல் துள்ளியது. ஆக்ஸா பிளேடு மூன்று மொட்டையானது. கடைசியில் எப்படியோ கட்டரின் நுனியைத் தோளுக்கு நடுவில் திணித்து அழுத்தினார். கட்டரின் உதடு நசுங்கியது.

காலைப் பலகார நேரத்தில் தொடங்கியது மதியச் சாப்பாட்டு நேரம்வரை போனது. பாய் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அதைத்தான் இவரால் தாங்க முடியவில்லை.

கடைசியில் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "பாய், இது பூட்டு" என்றார். பாய் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டது அவருக்கு.

பூட்டோடு மூன்று சாவி வந்தது. நான் ஒன்றுக்குக் கையை நீட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார். பிறகு இரண்டு சாவியை எடுத்து வைஸில் மாட்டி, நாலாவது பிளேடால் அறுத்துப் போட்டார்.

"ஏங்க, இது வீடுங்க!" என்றேன்.

"வூடுன்னா என்னா? ஒரு பூட்டு, ஒரு சாவி, ஒரு ஆள்."

"அப்ப நான் யாரு?"

"நீ வந்தா பெல் அடி. நான் வந்து தொறக்கறேன். நான் எங்க போவப் போறேன்?"

இரண்டாயிரம் வீட்டுச் சாவிக்கொத்து இருந்தாலும் இப்படி ஒரு ஆளைத் திறக்க முடியாது என்று சொல்லிச் சிரித்தேன். பக்கத்து வீட்டு அஞ்சலையிடமும் சொல்லிச் சிரித்தேன். தொலைபேசியில் மகளிடமும் சொன்னேன், அவளும் சிரித்தாள். அன்றைக்கு நான் சண்டை போட்டிருக்க வேண்டும். சிரித்தது என் தப்பு.

மறுபடியும் வாசலில்

இப்போது அந்த வாசலுக்கு வருவோம்.

அவருக்குச் சர்க்கரை உண்டு. காலையில் ஊசி போட்டுக்கொண்டு அரைமணி நேரத்தில் சாப்பிட வேண்டும். நான் கிளம்பும்போது ஹாட்பாக்ஸில் இட்லி வைத்துவிட்டுப் போனேன். வலை வழியாக ஹால் மேஜை தெரிந்தது. ஹாட்பாக்ஸ் வைத்தது வைத்தபடி இருந்தது. பக்கத்தில் ஊசி, பிரித்துப்போட்ட ஒரு தாழ்ப்பாள், எண்ணெய் டப்பா. ஊசியைப் போட்டுக்கொண்டு தாழ்ப்பாளோடு உட்கார்ந்தவர் இட்லியை மறந்துவிட்டார்.

முன்பு ஒருமுறை இப்படி ஆகியிருக்கிறது. சர்க்கரை ஒரேயடியாக இறங்கினால் வேர்க்கும், பேச்சு தடம் மாறும், உடனே இனிப்புக் கொடுக்க வேண்டும், விட்டால் நினைவு போய்விடும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். நினைவு போனபின் வாயில் எதையும் ஊற்றவும் கூடாது என்றார். அதாவது அவர் பேசிக்கொண்டிருக்கிற வரைக்கும்தான் எனக்கு நேரம்.

என் கையிலேயே இனிப்பு இருந்தது. நடுவில் அந்தப் பூட்டு இருந்தது.

"சாவியத் தூக்கிப் போடுங்க!" என்று கத்தினேன்.

அவர் கை மடிக்குப் போனது. சாவியை எடுக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். மடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"யாரு பூட்டு? என் பூட்டு. நான்தான் எடுப்பேன்."

"அப்ப வந்து எடுங்க!"

"நான் உள்ள இருக்கேன்ல."

"பெல்ட் நின்னுடுச்சுங்க. நீங்க வரலாம்."

"டேக்கு எங்க?" என்றார்.

உள்பக்கப் பூட்டைத் தொடுவதற்காக வலையில் கைவிட ஒரு ஓட்டை உண்டு. அது வழியாகக் கடலை மிட்டாயை ஒவ்வொன்றாக எறிந்தேன். ஒன்று சரியாக அவர் மடியில் போய் விழுந்தது. எடுத்தார். வாயில் போட்டுக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "போல்ட்டு தேஞ்சிப் போச்சி" என்று ஓரமாக வைத்துவிட்டார்.

சிரிப்பு வருகிறதா? இப்போது எழுதும்போது எனக்கும் வருகிறது. அப்போது பொட்டலம் காலியாகும்வரை எறிந்துகொண்டே இருந்தேன்.

என் சத்தம் கேட்டு அஞ்சலை ஓடி வந்தாள். சுரங்கத்தில் கான்ட்ராக்டில் தோட்ட வேலை செய்கிறவள், அன்று அவளுக்கு லீவு. "இன்னா மேடம், இன்னா ஆச்சி?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தவள், நான் சொல்லும் முன்பே ஆம்புலன்சுக்குப் போன் போட்டாள். நான் பாய்க்குப் போட்டேன்.

பாய் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். வெள்ளிக்கிழமை, ஜும்மாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், தொப்பியோடு அப்படியே கட்டரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். ஓட்டை வழியாகக் கட்டரின் வாயை நுழைத்துப் பூட்டைப் பிடித்தார். தோள் விடவில்லை. கிரில் கம்பியைக் கடித்துப் பார்த்தார். அதுவும் என் வீட்டுக்காரர் தேடித் தேடிப் போட்ட கனமான கம்பி, கட்டர் வாய்க்கு அடங்கவில்லை. வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

உள்ளே இருந்து குரல் வந்தது. "யாரு கட்டர் வெக்கிறது? நான் உள்ள இருக்கேன்!"

அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. அவர் பழைய ஆலையைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் நானாகக் கற்பனை செய்து வைத்திருந்த குரல் அது. பாய் கட்டரை எடுத்துவிட்டார்.

"கிரைண்டர் கொண்டாங்க பாய்," என்றேன்.

"அது உங்க வூட்லதான்க்கா இருக்குது. ஏதோ அறுக்கணும்னு அண்ணன் வாங்கினு போயி மூணு நாளாச்சி."

பார்த்தேன். ஹாலில், மேஜைக்கு அடியில், அவர் காலுக்குப் பக்கத்தில் இருந்தது.

பாய் இரண்டு கையாலும் கிரில்லைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நான்தானக்கா வித்தேன்," என்றார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

உள்ளே பேச்சு குறைந்துகொண்டே வந்தது. "உள்ள இருக்கேன்" என்பது "உள்ள" என்று ஆகியிருந்தது.

கரையான்

அந்த நேரத்தில் எனக்குப் பாய் சொன்னதுதான் நினைவு வந்தது. பூட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். மரத்தை யாரும் பார்க்கவில்லை.

"அஞ்சல, கடப்பாரை இருக்கா?"

"இருக்குது மேடம்."

இரண்டு பேரும் பின்பக்கம் ஓடினோம். பின்கதவு நல்ல தேக்கு. உள்ளே மூன்று தாழ்ப்பாள். நான் கதவைத் தொடவே இல்லை. நிலையின் அடிப்பக்கம் கட்டைவிரலால் அழுத்தினேன். விரல் பிஸ்கெட்டில் போகிற மாதிரி உள்ளே போனது. இத்தனை மாதமாக நான் யாரைத் திட்டினேனோ, அந்தக் கரையானை அன்றைக்குக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்.

சுவருக்கும் நிலைக்கும் நடுவில் அஞ்சலை கடப்பாரையைச் செருகினாள். "மேடம், புடிங்க, சேந்து நெம்பணும்." நான் ஸ்டோர்ஸில் பேனா பிடித்த ஆள். அன்றைக்கு எங்கிருந்து பலம் வந்தது என்று தெரியாது. முதல் நெம்புக்கு மண் உதிர்ந்தது. இரண்டாவது நெம்புக்கு நிலை, கதவு, கீல், தாழ்ப்பாள் எல்லாம் ஒரே குடும்பமாக உள்ளே சாய்ந்தன. மூன்று தாழ்ப்பாளும் போட்டது போட்டபடி இருந்தன. அதன் மேலேயே மிதித்துக்கொண்டு ஓடினேன்.

அவர் இன்னும் ஏதோ முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தார். சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உதட்டில் வைத்தேன். முதல் வாய் வழிந்துவிட்டது. இரண்டாவது வாயை விழுங்கினார். மூன்றாவதற்கு அவரே டம்ளரைப் பிடித்தார். என் கையையும் சேர்த்து வைத்துப் பிடித்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் கண் என்னைப் பார்த்தது. இந்தமுறை என்னைத்தான் பார்த்தது.

"நீ எப்டி உள்ள வந்த?" என்றார்.

"பின்வாசல் வழியா."

யோசித்தார். "பூட்டு?"

"அப்படியே இருக்குதுங்க."

அந்த முகத்தில் ஒரு பெருமை வந்தது பாருங்கள். சாகக் கிடந்த மனுஷன், வேர்வையில் குளித்த மனுஷன், அவர் பூட்டு உடையவில்லை என்று கேட்டதும் பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி பூரித்தார். புது லுங்கியாலேயே அவரை நாலு சாத்து சாத்தலாம் போல இருந்தது. சாத்தவில்லை. அவர் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டு அழுதேன். முப்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடத்தியதில் நான் அவர் எதிரில் அப்படி அழுதது அதுதான் முதல் தடவை.

ஆம்புலன்ஸ் வந்தது. விரலில் குத்திப் பார்த்துவிட்டு, பரவாயில்லை, ஆனாலும் ஆஸ்பத்திரிக்கு வந்து டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றார்கள். நானும் அஞ்சலையும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, விழுந்து கிடந்த கதவைத் தாண்டி, வீட்டைச் சுற்றி அவரை முன்பக்கம் கூட்டி வந்தோம். அங்கே பாய் கட்டரும் கையுமாகக் கிரில்லுக்கு வெளியே அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

என் வீட்டுக்காரர் நின்றுவிட்டார். ஆம்புலன்ஸ் பக்கம் நடக்க மாட்டேன் என்றார். மடியிலிருந்து சாவியை எடுத்தார். என்னைப் பார்த்தார், அஞ்சலையைப் பார்த்தார், பாயைப் பார்த்தார்.

"தணிகாசலம்," என்றார், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "நான் வெளிய வந்துட்டேன்."

அப்புறம்தான் ஓட்டையில் கையை விட்டுத் தன் பூட்டைத் தானே திறந்தார்.

"நல்ல பூட்டு பாய்," என்றார்.

"போங்கண்ணே," என்றார் பாய். அழுகையா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு, தொழுகைக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

இப்போது

பின்வாசலுக்கு இரும்பு நிலை வைத்தாயிற்று. கிரில்லுக்கு இப்போது இருப்பது சாதாரணப் பூட்டு. அதுவும் வைஸில் ஏறி ஒன்றரை நிமிஷத்தில் வாய் திறந்த பூட்டுதான். அதற்காகவே நான் அதைத் தேர்ந்தெடுத்தேன். சாவி மூன்று: அவரிடம் ஒன்று, என்னிடம் ஒன்று, அஞ்சலையிடம் ஒன்று. அஞ்சலையின் சாவியை அவரே போய்க் கொடுத்துவிட்டு வந்தார். பெண்ணைக் கட்டிக் கொடுக்கிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு போனார்.

கழுத்தில்லாத பூட்டு அவருடைய டூல் பாக்ஸில் தொங்குகிறது. கிரைண்டர் பாய் கடைக்குத் திரும்பிவிட்டது. அதில் பாய் ஒரு டேக் மாட்டி வைத்திருக்கிறார்: "தணிகாசலம் அண்ணனுக்கு இரவல் இல்லை." கடலை மிட்டாய் டப்பா ஹாலில், கைக்கெட்டுகிற உயரத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டில் பூட்டே இல்லாத பொருள் அது ஒன்றுதான்.

ஒரே ஒரு வழக்கத்தை மட்டும் நான் சேர்த்துக்கொண்டேன். எங்காவது கிளம்பிப் போகும்போது கிரில்லைச் சாத்திவிட்டுத் தெருவில் நின்று, "நான் வெளிய வந்துட்டேன்ங்க" என்று சத்தமாகச் சொல்வேன். "சாப்ட்டேன், உள்ள இருக்கேன்" என்று அவர் பதில் சொல்ல வேண்டும். அது கேட்ட பிறகுதான் பஸ் ஸ்டாப்புக்கு நடப்பேன். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள், பார்க்கட்டும்.

போன வாரம் என்னைச் சீண்டிப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது. நான் சொன்னேன். பதில் இல்லை. இன்னொரு தடவை சொன்னேன். இல்லை. என்னிடம்தான் சாவி இருக்கிறதே, அது எனக்கு நினைவே வரவில்லை. வாசல் ஓரம் சாத்தி வைத்திருக்கிற கடப்பாரையை, அஞ்சலை எங்களிடமே விட்டுவைத்திருக்கிற அதே கடப்பாரையை, எடுத்தேன். அது சிமெண்ட் தரையில் உரசிய சத்தம் கேட்டதும் உள்ளே நாற்காலி தள்ளுகிற சத்தம் கேட்டது.

"உள்ள இருக்கேன், உள்ள இருக்கேன்!" என்று பதறிக்கொண்டு ஓடி வந்து நின்றார், ஒரு கையில் சாவியும் இன்னொரு கையில் பாதி தின்ற இட்லியுமாக.